காப்பகத்திலிருந்து ஒரு லாப்ரடார்: தத்தெடுக்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கைவிடப்பட்ட லாப்ரடார்களை வீட்டில் வைத்துப் பராமரித்து, நல்ல குடும்பம் அமைந்ததும் அனுப்பி வைப்பவர்களில் நானும் ஒருத்தி. தத்தெடுக்க வருகிறவர்கள் மறுபடி மறுபடி கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

லாப்ரடார் அடிப்படையில் என்ன வேலைக்கான நாய்?

சுட்டு விழுந்த பறவையைத் தேடி எடுத்து வந்து கையில் கொடுக்கிற வேட்டைத் துணை. இதன் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களோடு இருந்தவை. குளிர்ந்த கடலில் குதித்து, தூண்டிலிலிருந்து நழுவிய மீனையும் வலைக் கயிற்றையும் வாயால் பற்றி இழுத்து வந்தவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன்பிடிக் கப்பல்களில் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தன. மாம்ஸ்பரி, பக்ளூ ஆகிய பிரபுக் குடும்பங்கள் இவற்றை வாத்து வேட்டைக்குப் பழக்கி, இனத்தை அழியாமல் காத்தன. பிரிட்டனின் கென்னல் கிளப் 1903இல் இதைத் தனி இனமாக ஏற்றது.

அந்த வேலையின் அடையாளம் உடம்பு முழுக்க இருக்கிறது. நீர் ஒட்டாத இரட்டை முடி, நீந்தும்போது சுக்கான் பிடிக்கத் தடித்த வால், விரல்களுக்கு நடுவே சவ்வு, பறவையின் இறகு கலையாமல் தூக்கி வரும் மென்மையான வாய். குணத்திலும் அதே அடையாளம்தான்: நாள் முழுக்க ஓடத் தெம்பு, கண்டதை வாயில் எடுக்கும் ஆசை, மனிதரோடு சேர்ந்து செயல்படும் ஆர்வம், உணவுக்காக எதையும் செய்யும் பசி. லாப் மீது வரும் புகார்களை எடுத்துப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாமே இந்த நான்கில் ஒன்றிலிருந்துதான் வந்திருக்கும்.

இவ்வளவு நல்ல நாய் என்கிறார்கள். பிறகு ஏன் இத்தனை லாப்கள் கைவிடப்படுகின்றன?

எட்டு வாரக் குட்டியாகப் பஞ்சுப்பொதி போல் வீட்டுக்கு வருகிறது. பத்து மாதத்தில் 30 கிலோவை நெருங்குகிறது, மூளை மட்டும் இன்னும் குட்டியாகவே இருக்கிறது. லாப் மனத்தளவில் பெரிய நாயாக இரண்டு, மூன்று வயதுகூட ஆகும். அந்த இடைவெளியில்தான் பெரும்பாலான குடும்பங்கள் கைகழுவுகின்றன. கயிற்றை இழுக்கிறது, ஆள்மீது தாவுகிறது, சோபாவைக் கிழிக்கிறது என்பார்கள். வேலைக்காகப் பிறந்த நாயைக் காலை பத்து நிமிடம் வாசலில் நிறுத்திவிட்டு மீதி நேரம் கட்டிப் போட்டால் அது வேறு என்ன செய்யும்?

வீடு மாறுவது, குழந்தை பிறப்பது, வளர்த்தவர் இறந்துபோவது என்று நாய்க்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களும் நிறைய உண்டு. ஆகவே 'காப்பகத்து நாய் என்றால் ஏதோ கோளாறு இருக்கும்' என்ற எண்ணத்தோடு வராதீர்கள்.

வளர்ந்த நாய் நம்மோடு ஒட்டுமா? குட்டியாக எடுத்தால்தானே பாசம் வரும்?

ஒட்டும். ஐந்து, ஆறு வயதில் வீடு மாறிய லாப்களும் புதிய மனிதர்மீது உயிரையே வைப்பதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். வளர்ந்த நாயில் ஒரு பெரிய நன்மை, அதன் குணம் ஏற்கெனவே தெரியும். குட்டி எப்படி வளரும் என்பது ஊகம்தான். முதன்முறை நாய் வளர்ப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது மூன்று வயதைத் தாண்டிய லாப்பைத்தான்.

காப்பகத்தில் எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும்?

ஏன் விடப்பட்டது, எத்தனை வீடு மாறியது, தற்போது யாராவது வீட்டில் வைத்துப் பராமரிக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். கூண்டில் பார்க்கிற நாய் வேறு, வீட்டில் இருக்கும் நாய் வேறு. வீட்டில் வைத்திருப்பவரால் மட்டுமே இரவில் எப்படித் தூங்குகிறது, இடி இடித்தால் என்ன செய்கிறது, பூனையைக் கண்டால் எப்படிப் பார்க்கிறது என்று சொல்ல முடியும். தடுப்பூசி, கருத்தடை, குடற்புழு மருந்து ஆகியவற்றின் விவரங்களை எழுத்தில் வாங்குங்கள். இதயப்புழுவுக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் ரத்தப் பரிசோதனை ஆகியிருந்தால் அந்த அறிக்கையும் வேண்டும்.

பிறகு நாயை நடக்க விட்டு, பின்னாலிருந்து பாருங்கள். இடுப்பை ஆட்டி ஆட்டி நடக்கிறதா, ஓடும்போது இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து முயல் போல வைக்கிறதா, படுத்து எழும்போது தயங்குகிறதா? காது மடலைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை அடித்தால் காதில் தொற்று இருக்கும். இவை இருந்தால் எடுக்கக் கூடாது என்பதற்காகச் சொல்லவில்லை, என்ன சிகிச்சை காத்திருக்கிறது என்று தெரிந்து எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

குட்டி போடுவதற்கென்றே வைத்திருந்த பெண் நாய் ஒன்று இருக்கிறது. எடுக்கலாமா?

தயவுசெய்து எடுங்கள். ஆனால் தெரிந்து எடுங்கள். விற்பனைக்காக ஈன்று ஈன்று, பயன் தீர்ந்ததும் தள்ளப்பட்ட இந்தத் தாய்நாய்களில் பல, வீடு என்பதையே பார்த்ததில்லை. வழவழப்பான தரையில் கால் வைக்கப் பயப்படும். மாடிப்படியின் கீழே நின்று, முன்னங்காலை முதல் படியில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, கடைசியில் அங்கேயே படுத்துக்கொள்ளும். மிக்ஸி சத்தத்துக்கு மேசைக்கடியில் ஒளியும். வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கக் கூடாது என்றும் அதற்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் பொறுமைதான் மருந்து. தரைக்கு ரப்பர் பாய் போடுங்கள், படிக்கு ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு உணவு வையுங்கள், வெளியே கூட்டிப்போவதைக் குட்டிக்குச் செய்வது போல அடிக்கடி செய்யுங்கள். பயப்படும் நாயை இழுத்துப் போய்ப் பழக்காதீர்கள், பயம் இரட்டிப்பாகும். கருத்தடை ஆகாத பெண் நாய் என்றால் ஒன்றை மனத்தில் வையுங்கள்: பருவம் முடிந்த சில வாரங்களில் சோர்ந்து, உண்ணாமல், நிறையத் தண்ணீர் குடித்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். பிறப்புறுப்பில் கசிவு தெரியாமலும் இது வரும். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டிய, உயிரைப் பறிக்கக்கூடிய நோய் இது. பால்மடியில் கட்டி இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் நாட்களில் என்ன செய்வது?

குறைவாகச் செய்யுங்கள். உறவினர் கூட்டம் வேண்டாம், குளிப்பாட்டல் வேண்டாம், கடைத்தெரு உலா வேண்டாம். ஒரு மூலையில் படுக்கை, தண்ணீர், ஒரே நேரத்தில் உணவு, ஒரே பாதையில் நடை, இவை போதும். முன்பு தின்ற உணவையே கொடுத்து, ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். மீட்புப் பணியில் இருப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: மூன்று நாளில் பதற்றம் தணியும், மூன்று வாரத்தில் வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் இது நம் வீடு என்ற நினைப்பு வரும். தோராயக் கணக்குதான், ஆனால் முதல் வாரத்து நாயைப் பார்த்து முடிவு கட்டிவிடாமல் இருக்க உதவும்.

புது நாய் ஓடிப்போகிற அபாயம் மிக அதிகமாக இருப்பதும் இந்தக் காலத்தில்தான். கழுத்துப்பட்டையிலும் ஹார்னஸிலும் (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) தனித்தனியே கயிறு மாட்டுங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் பொறித்த வில்லை முதல் நாளே கழுத்தில் இருக்கட்டும். தோலுக்கடியில் பொருத்தும் அடையாள மைக்ரோசிப் இருந்தால் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

எவ்வளவு போட்டாலும் பசியோடே பார்க்கிறது. பட்டினி கிடந்த நாய் என்பதாலா?

பட்டினி கிடந்திருக்கலாம். அது இல்லாமலே லாப் இப்படித்தான் பார்க்கும், அதற்கு உடம்பிலேயே காரணம் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், லாப்ரடார்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒன்றுக்கு 'பிஓஎம்சி' என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லாமல் இருப்பதைக் கண்டார்கள். பசி அடங்கியது என்று மூளைக்குச் சொல்லும் பொருள்களை உருவாக்கும் மரபணு அது. 2024இல் அதே குழு இன்னும் நுட்பமாகப் பார்த்தது. 20 நிமிடத்துக்கு ஒரு டின் என உணவு கொடுத்துக்கொண்டே இருந்தபோது, மாற்றம் உள்ள நாய்கள் மற்றவற்றைவிட அதிகம் தின்றுவிடவில்லை. ஆனால் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, உள்ளே தெரியும்படியான துளையிட்ட பெட்டிக்குள் ஒரு சாசேஜைக் காட்டினால், அந்த நாய்கள்தான் பெட்டியை விட்டு நகரவில்லை. வேளைக்கும் வேளைக்கும் நடுவில் பசி சீக்கிரம் திரும்பிவிடுகிறது. அதோடு, ஓய்வாக இருக்கும்போது அவற்றின் உடம்பு ஏறக்குறைய 25 விழுக்காடு குறைவாகவே ஆற்றலைச் செலவிடுகிறது.

ஆக, அந்தப் பார்வை நடிப்பில்லை. உண்மையிலேயே பசிக்கிறது. ஆனால் அந்தப் பசிக்கு இணங்கி உணவு போட்டால் நாம் அதன் ஆயுளைக் குறைக்கிறோம். இதற்கும் ஆதாரம் உண்டு. 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து கடைசிவரை கவனித்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. ஒரே ஈற்றில் பிறந்தவற்றை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைத்துக் கொடுத்தார்கள். குறைத்துத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. ஒரு மருந்தும் இல்லாமல் ஏறக்குறைய இரண்டு ஆண்டு. லாப் வளர்ப்பவர் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இதுதான். உணவைக் கண்ணளவில் போடாதீர்கள், தராசில் நிறுத்துப் போடுங்கள். ஒரு நாளைய பங்கைக் காலையிலேயே எடுத்து வைத்து, பயிற்சிக்கான துண்டுகளையும் அதிலிருந்தே எடுங்கள். ஒரே தட்டில் கொட்டினால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும், அதையே புல்லில் தூவினால் மூக்கை வைத்துத் தேடித் தேடிக் கால் மணி நேரம் தின்னும். குப்பைக்கூடைக்கு மூடி, அலமாரிக்குத் தாழ்ப்பாள் கட்டாயம். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், சைலிட்டால் என்ற இனிப்புச் சேர்ந்த சூயிங்கம், இவை எல்லாம் நாய்க்கு நஞ்சு. காலுறையை விழுங்கிக் குடல் அடைபட்டு அறுவை சிகிச்சைக்கு வரும் லாப்களும் உண்டு. வாந்தி நிற்காமல் எடுத்தால் காத்திருக்காதீர்கள்.

சரியான எடையில் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

வளர்ந்த ஆண் 29 முதல் 36 கிலோ, பெண் 25 முதல் 32 கிலோ என்பது பொது அளவு. ஆனால் எலும்பு அமைப்பு நாய்க்கு நாய் மாறும் என்பதால் தராசைவிடக் கையை நம்புங்கள். உங்கள் இடக்கையை விரித்து, புறங்கையில் விரல் எலும்புகளை வலக்கை விரலால் தடவுங்கள். நாயின் விலா அப்படித் தட்டுப்பட்டால் சரி. கையை மூடி முட்டியைத் தடவினால் தெரிவது போலத் துருத்தினால் மெலிவு. உள்ளங்கையைத் தடவுவது போல எலும்பே தெரியாவிட்டால் பருமன். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியும், பக்கத்திலிருந்து பார்த்தால் வயிறு மேல்நோக்கியும் இருக்க வேண்டும். குண்டு லாப் அழகு என்ற நினைப்பை விட்டுவிடுவோம்.

தினமும் எவ்வளவு ஓட்டம் வேண்டும்?

நல்ல உடல்நிலையில் இருக்கும் இளம் லாப்புக்கு இரண்டு வேளையும் சேர்த்து ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம். ஆனால் ஓட்டம் மட்டும் தீர்வாகாது. பந்தை நூறு முறை எறிந்தால் நாய் களைக்கும், கூடவே வெறியும் ஏறும். திரும்பத் திரும்பப் பாய்ந்து நிறுத்துவது மூட்டுக்கும் முழங்கால் தசைநாருக்கும் கேடு.

இந்த நாய்க்கு வேண்டியது வேலை. ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாயை உட்கார வைத்து, அது பார்க்கும்படி பத்தடி தள்ளிப் போடுங்கள். உடனே ஓட விடாதீர்கள். உடம்பு துடிக்கும், வால் தரையைப் பெருக்கும், பார்வை உங்களுக்கும் பொட்டலத்துக்கும் தாவும். கயிற்றைத் தளர்வாகப் பிடித்தபடி நில்லுங்கள். அது மூச்சை விட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிற நொடியில் 'எடு' என்று சொல்லுங்கள். கொண்டுவந்ததும் பாராட்டி, ஒரு துண்டு உணவு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பழகிய பிறகு புதருக்குள் மறைத்து வையுங்கள், பார்வைக்கே படாத இடத்தில் வைத்து மூக்கால் தேட விடுங்கள். காத்திருப்பது, தேடுவது, வாயில் தூக்குவது, கையில் கொடுப்பது என்று அதன் முன்னோர் செய்த முழு வேலையும் இதற்குள் அடங்கிவிட்டது. கால் மணி நேரம் இப்படிச் செய்தால், ஒரு மணி நேர ஓட்டத்தில் கிடைக்காத அமைதி கிடைக்கும்.

இடுப்பு எலும்பு பலவீனமான நாய்க்கு நீச்சல் சிறந்த பயிற்சி. முடித்ததும் காதைத் துடையுங்கள். நீந்திய மறுநாள் வால் துவண்டு தொங்கினால் பதறாதீர்கள், வாலின் தசை அயர்ந்திருக்கும். வலிக்கு மருத்துவரைக் கேளுங்கள், ஓய்வில் சில நாட்களில் சரியாகும்.

எதையாவது எடுத்துக்கொண்டு தர மறுக்கிறது, உறுமுகிறது. கடிநாயா?

பெரும்பாலும் இல்லை. விருந்தினர் வந்தால் செருப்பைக் கவ்விக்கொண்டு வாலாட்டி வருகிற லாப், தன் மகிழ்ச்சியைத்தான் வாயில் தூக்கி வருகிறது. அதைத் திட்டிப் பிடுங்கிப் பிடுங்கித்தான் 'கொடுத்தால் போய்விடும்' என்று அதற்கு முந்தைய வீட்டில் கற்றுக்கொடுத்திருப்பார்கள். பிடுங்காதீர்கள், மாற்றுப் பொருள் கொடுங்கள். அதைவிடச் சுவையான ஒன்றை நீட்டி, வாயிலிருப்பதை விட்டதும் கொடுத்து, முடிந்தால் விட்ட பொருளையும் திருப்பித் தாருங்கள்.

உறுமலுக்கு அடிக்காதீர்கள். உறுமல் எச்சரிக்கை. அதை அடக்கினால் அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கும். உடம்பு விறைத்து, கண்வெள்ளை தெரிய, உணவுத் தட்டின் மேல் குனிந்து நிற்கும் நாய் என்றால் வன்முறையில்லாத பயிற்சியாளர் ஒருவரின் உதவியைத் தேடுங்கள்.

தனியாக விட்டுப் போகலாமா?

போகலாம், பழக்கிய பிறகு. முதல் வாரத்திலேயே எட்டு மணி நேரம் விட்டுப் போனால், ஏற்கெனவே ஒரு குடும்பத்தை இழந்த நாய்க்கு இன்னொரு இழப்பாகத் தோன்றும். கதவைத் திறந்து மூடுவதிலிருந்து தொடங்கி, ஐந்து நிமிடம், அரை மணி என்று நீட்டுங்கள். எச்சில் வடிய மூச்சிரைத்துக் கதவைப் பிராண்டினால் அது குறும்பு அல்ல, பீதி. மருத்துவரின் துணை தேவைப்படும்.

வெயிலைத் தாங்குமா?

குளிர்ந்த கடலுக்காக அமைந்த முடி இது. வெயிலில் ஓட விடவே கூடாது. விடியலிலும் இருட்டிய பிறகும் நடக்கட்டும். கடும் மூச்சிரைப்பு, தள்ளாட்டம், கெட்டியான எச்சில் கண்டால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறி காற்றுப் படச் செய்யுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகு வண்டியில் ஏற்றுவது. நாயின் இயல்பான உடல்வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் சேதமாகும்.

முடியை மழித்தால் குளிர்ச்சி என்பது தவறு. அந்த முடி வெயிலையும் மறைக்கிறது. மழிக்காமல் வாரம் சில முறை சீவிவிடுங்கள், முடி கொட்டுவது நிற்காது, குறையும்.

இந்த இனத்துக்கென்று வரும் நோய்கள் எவை?

இடுப்பு, முழங்கை மூட்டுக் குறைபாடு, பின்னங்கால் முழங்கால் தசைநார் அறுவது, காதுத் தொற்று, தோல் ஒவ்வாமை, விழித்திரை படிப்படியாகச் செயலிழப்பது. ஓடும்போது பத்து நிமிடத்தில் பின்னங்கால்கள் தள்ளாடிச் சரிந்து, அரை மணியில் எழுந்து சாதாரணமாகிவிடும் நாய்க்கு, 'டிஎன்எம்1' மரபணுவில் உள்ள மாற்றம் காரணமாக இருக்கலாம். பரிசோதனை உண்டு, உறுதியானால் உச்சக்கட்ட விளையாட்டைத் தவிர்த்து நிம்மதியாக வளர்க்கலாம். வலிக்கு மனித மாத்திரை எதையும் தராதீர்கள். பாராசிட்டமால், ஐபுபுரோஃபென் இரண்டும் நாயைக் கொல்லக்கூடும்.

குழந்தையும் பூனையும் உள்ள வீடு. சரிவருமா?

பெரும்பாலும் சரிவரும். சின்னக் குழந்தையையும் நாயையும் தனியே விடக் கூடாது, உண்ணும்போதும் உறங்கும்போதும் நாயைத் தொடக் கூடாது, இந்த இரண்டிலும் விலக்கே இல்லை. பூனைக்கு உயரத்தில் ஒளிய இடம் அமைத்து, முதல் வாரங்களில் நாயைக் கயிற்றிலேயே வையுங்கள். இன்னொரு நாய் இருந்தால், இருவரையும் பொது இடத்தில் தள்ளித் தள்ளி இணையாக நடத்தி அறிமுகம் செய்து, பிறகு வீட்டுக்குள் கூட்டி வாருங்கள்.

பத்து வயது லாப்பை எடுப்பது வீண்தானே?

அப்படிக் கேட்பவர்களிடம் ஒரு மாலை அந்த நாயோடு உட்காரச் சொல்வேன். வயதான லாப்புக்குப் பெரிய ஓட்டம் வேண்டாம், கிழிப்பது கிடையாது, வாசலில் உங்கள் காலடி கேட்டால் போதும். மூட்டுவலிக்கு மருந்து, கனத்த மெத்தை, வழுக்காத தரை வேண்டும். தோலுக்கடியில் மெத்தென்ற கொழுப்புக் கட்டிகள் வரும், பெரும்பாலும் தீங்கற்றவைதான், என்றாலும் ஒவ்வொன்றையும் மருத்துவரிடம் ஊசியால் சோதித்துவிடுங்கள். குரைப்பு கரகரத்து, மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால் குரல்வளைத் தசை செயலிழந்துகொண்டிருக்கலாம். அந்த நாய்க்கு வெயில் இரட்டை ஆபத்து, கழுத்துப்பட்டையில் கயிறு மாட்டாமல் ஹார்னஸ் போடுங்கள்.

எல்லாம் செய்தும் ஒத்துவராவிட்டால் திருப்பித் தரலாமா?

தரலாம். பொறுப்பான காப்பகம் வாழ்நாள் முழுக்கத் திரும்பப் பெற்றுக்கொள்ளும், ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதியிருக்கும். தெரிந்தவருக்குக் கைமாற்றுவதும் இணையத்தில் விளம்பரம் கொடுப்பதும் வேண்டாம். அப்படிப் போகிற நாய்தான் மறுபடி ஈனுவதற்காக வாங்குகிறவர் கையில் சிக்குகிறது. முதலில் காப்பகத்தைக் கூப்பிட்டுப் பிரச்சினையைச் சொல்லுங்கள், பல நேரம் ஒரு பயிற்சியாளரின் வருகையிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் நாயோடு ஒரு தாளும் கொடுத்தனுப்புங்கள்: என்ன உணவு, எத்தனை கிராம், எதற்குப் பயந்தது, எந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்த்தது, எந்த இடத்தில் தொட்டால் சொக்கிப் படுத்தது. அடுத்த வீட்டைத் தேடுகிறவர்கள் அந்தத் தாளை வைத்துத்தான் தேடுவார்கள்.